சாவி யார் கையில்? — மனப்பூர்வமான தொண்டைக் குறித்த வேதபாடம்



வேதவாசிப்பு: நெகேமியா 3-ம் அதிகாரம், அப்போஸ்தலர் 6:1-7, 1 கொரிந்தியர் 12:28

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆராதனைக்கு வந்தபோது பாய்கள் விரித்திருந்தன, நாற்காலிகள் வரிசையாய்க் கிடந்தன, குடிதண்ணீர்ப் பானை நிறைந்திருந்தது. இதையெல்லாம் யார் செய்தார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? பாடினவர்களை நமக்குத் தெரியும். பிரசங்கித்தவரைத் தெரியும். பானையை நிரப்பினது யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு வயதான சகோதரி ஆராதனை முடிந்தபின் என்னிடத்தில் வந்தார்கள். வருஷக்கணக்காய் சனிக்கிழமைதோறும் நம்முடைய ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிறவர்கள். "ஐயா, நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. மேடையில ஏறிச் சாட்சி சொல்லவும் வராது. பெருக்குற வேலை மட்டுந்தான் செய்றேன். இதெல்லாம் ஊழியக் கணக்குல வருமாங்கய்யா?" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் நான் பிரசங்கித்தும் இந்தத் தாய்க்கு இப்படி ஒரு சந்தேகம் இருக்கிறதென்றால், குறை அவர்களிடத்தில் இல்லை, என்னிடத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு அன்றைக்கு நின்றபடியே சொன்ன பதிலைத்தான் இந்த மாதப் பாடமாய் விரிவாக எழுதுகிறேன்.

1. பந்தியும் ஊழியமே

ஆதி சபையில் முதலாவது எழும்பின உட்சண்டை எதைப்பற்றி? உபதேசத்தைப்பற்றி அல்ல, சாப்பாட்டைப்பற்றி! கிரேக்கு பேசின விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாய்க் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அதை அற்பக் காரியம் என்று தள்ளிவிடவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்.

அந்த ஏழு பேருக்கு என்ன தகுதி கேட்டார்கள், கவனியுங்கள். நற்சாட்சி வேண்டும், ஞானம் வேண்டும், பரிசுத்த ஆவியினால் நிறைந்திருக்கவேண்டும். பிரியமானவர்களே, பரிமாறுகிறவனுக்கும் அபிஷேகம் வேண்டும் என்று ஆதி சபை நினைத்தது! நாமோ அபிஷேகம் பெற்றவன் பரிமாறக்கூடாது என்று நினைக்கிறோம்.

இன்னும் ஒரு காரியம். அந்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்குப் பெயர்கள். மனவருத்தம் எந்தப் பக்கத்தில் இருந்ததோ, அந்தப் பக்கத்தை நன்றாய் அறிந்தவர்கள் கையிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. மேலும், மூலபாஷையில் அந்த அதிகாரத்தில் பந்தி விசாரிப்பைக் குறிக்கிற சொல்லும், வசன ஊழியத்தைக் குறிக்கிற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகிறவை. 'டயாகோனியா' என்பது அந்தச் சொல். இலையில் சோறு வைப்பதும் டயாகோனியா, வசனத்தைப் போதிப்பதும் டயாகோனியா.

அதற்குப் பலன் என்ன? ஏழாம் வசனத்தை வாசியுங்கள். பந்தி சரியானபின்புதான் வசனம் விருத்தியடைந்தது, எருசலேமில் சீஷர்களின் தொகை பெருகிற்று, ஆசாரியர்களில்கூட அநேகர் கீழ்ப்படிந்தார்கள். எழுப்புதல் வேண்டும் என்று உபவாசிக்கிற நாம், பந்தியைச் சரிபண்ணினோமா?

பவுல் கொரிந்து சபைக்கு வரங்களை எழுதும்போது, குணமாக்கும் வரத்துக்கும் ஆளுகைக்கும் நடுவில் உதவி செய்வதையும் ஒரு வரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார் (1 கொரிந்தியர் 12:28). அந்நிய பாஷை வரத்துக்காகக் கண்ணீரோடு காத்திருந்த நாம், உதவி செய்யும் வரத்துக்காக என்றைக்காவது ஒரு இரவு முழங்காலில் நின்றிருக்கிறோமா?

2. அவனவன் வீட்டுக்கு எதிரே

நெகேமியா மூன்றாம் அதிகாரம் வந்தால் நம்மில் அநேகர் பெயர்களாய் இருக்கிறதே என்று புரட்டிவிடுவோம். கர்த்தர் அந்தப் பெயர்களைத் தமது புஸ்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஏன்? அது கூலி வாங்காமல் கல் சுமந்தவர்களின் பட்டியல்.

யாரெல்லாம் வந்தார்கள்? பிரதான ஆசாரியன் எலியாசிப் வந்தான். தட்டார் வந்தார்கள். தைலம் செய்கிறவன் வந்தான். வியாபாரிகள் வந்தார்கள். சல்லூம் என்கிற பிரபு தன் குமாரத்திகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். இவர்களில் ஒருவருக்கும் கொத்து வேலை தொழில் அல்ல. நகை செய்த மெல்லிய கையும், வாசனைத் தைலம் தொட்ட கையும் சுண்ணாம்பில் இறங்கிற்று. மல்கியா என்கிற ஒரு பிரபுவுக்குக் கிடைத்த பங்கு எது தெரியுமா? குப்பைமேட்டு வாசல்! ஊர்க் குப்பையெல்லாம் போகிற வழி. அவன் "எனக்கு வேறே வாசல் கொடுங்கள்" என்று கேட்டதாக வேதத்தில் இல்லை. கதவு போட்டு, தாழ்ப்பாள் போட்டு, முடித்தான்.

தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்களோ வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதே ஊரின் சாதாரண ஜனங்கள், தங்கள் பங்கை முடித்துவிட்டு 27-ம் வசனத்தில் இரண்டாவது பங்கையும் எடுத்துக் கட்டுகிறார்கள். பெரியவர்கள் வராததைச் சொல்லிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. "அவர் வரலையே, நான் மட்டும் ஏன் செய்யணும்?" என்று நம்முடைய சபைகளில் எழும்புகிற கேள்விக்கு இதுதான் பதில்.

வேலை எப்படிப் பிரிக்கப்பட்டது? அநேகர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த இடத்தைக் கட்டினார்கள். தொண்டு செய்யத் தூர தேசம் போகவேண்டியதில்லை. கதவைத் திறந்தால் எதிரே என்ன இடிந்து கிடக்கிறதோ, அதுதான் உங்கள் பங்கு. இப்படிச் செய்தபடியால் 52 நாளில் மதில் முடிந்தது (நெகேமியா 6:15).

3. நம்முடைய சரித்திரத்திலும்

பெந்தெகொஸ்தே அனுபவத்தைப் பேசுகிற யாவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசுசா தெருவைச் சொல்லுவார்கள். 1906-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அங்கே எழுப்புதல் உண்டாயிற்று. ஆனால் அந்தக் கட்டடம் எப்படி இருந்தது? ஒரு காலத்தில் ஆலயமாய் இருந்து, பிற்பாடு சாமான் கிடங்காகவும் குதிரை கட்டும் இடமாகவும் போயிருந்தது. அதைக் கூட்டிச் சுத்தம் செய்து, ஆணிப் பெட்டிகளின்மேல் பலகைகளைப் போட்டு இருக்கைகள் செய்தார்கள். இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்ததுதான் பிரசங்க மேடை. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் ஐயா அந்தப் பெட்டிக்குள் தலையை வைத்து ஜெபிப்பார் என்று கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். அக்கினி இறங்கினதைப் பேசுகிறோம். இறங்குவதற்கு முன் அந்தக் குதிரைச் சாணத்தை அள்ளினவர்களும் இருந்தார்கள் அல்லவா? அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும். அல்லேலூயா!

அதே வருஷம் செப்டம்பரில் அவர்கள் ஒரு பத்திரிகையைத் தொடங்கி இலவசமாய் அனுப்பினார்கள். கூட்டங்களில் சொல்லப்பட்ட சாட்சிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி, அச்சுக்குக் கொடுத்து, தபாலில் சேர்த்த கைகள் இருந்தபடியால்தான் அந்தச் செய்தி கடல் கடந்தது. இந்த நம்முடைய சிறு பத்திரிகையும் அப்படித்தான். மடித்து, விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டுகிற வாலிபப் பிள்ளைகள் இல்லாவிட்டால் இது உங்கள் கையில் இராது.

ஞாயிறு பள்ளியின் சரித்திரமும் இதுவே. 1780-ல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரைக்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்காக அதைத் தொடங்கினபோது ஆசிரியர்களுக்குக் கூலி கொடுத்தார். பின்பு கூலியில்லாமல் கற்றுக்கொடுக்க மனப்பூர்வமானவர்கள் எழும்பினார்கள். அதற்குப் பின்தான் அது ஊருக்கு ஊர் எளிதாய்ப் பரவிற்று.

நம்முடைய தேசத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறேன். 1995-ல் இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. பள்ளிக்கூடத்திலும் பஸ் நிலையத்திலும் மேஜை போட்டு, வருகிற பிள்ளைகளுக்கு மருந்து ஊற்றி, சுண்டுவிரலில் மை வைத்தவர்களில் திரளானோர் சாதாரணத் தொண்டர்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு வந்ததே நம் தேசத்தில் கடைசியாகக் கண்ட காட்டுப் போலியோ. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத பகுதியென்று சான்று கிடைத்தது. அந்த மேஜையருகே பாதி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவர்களுக்கு ஒரு மாலையும் விழவில்லை. ஆனால் இன்று நடக்கிற பிள்ளைகள்தான் அவர்களுக்குச் சாட்சி.

4. என்னுடைய சாட்சி, வெட்கத்தோடு

இதை எழுதாமல் கடந்துபோக என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி சென்னையில் பெய்த மழையை யாரும் மறக்கமாட்டோம். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு கரைபுரண்டது. அப்போது நாங்கள் ஆற்றுக்குக் கிட்டத்தில் வாடகைக்கு இருந்தோம். நடுராத்திரி தண்ணீர் வாசற்படியைத் தாண்டி, கட்டிலுக்கு வந்து, ஜன்னல் மட்டும் ஏறிற்று. மொட்டைமாடியில் என் வயதான தாயாரோடும் பிள்ளைகளோடும் நின்று ஜெபித்தேன்.

மறுநாள் படகு வந்தது. கடற்கரைக் குப்பத்து மீனவத் தம்பிகள், தங்கள் சொந்தப் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். என் தாயாரைக் குழந்தையைப்போலத் தூக்கி உட்காரவைத்தார்கள். சட்டைப் பையிலிருந்த நனைந்த நோட்டை நீட்டினேன். "வேணாம் ஐயா, வெச்சுக்கோங்க. அடுத்த தெருவுல யாராச்சும் மாட்டியிருக்காங்களா, அத சொல்லுங்க" என்றார் அதில் ஒருவர். அடுத்த தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை! பல வருஷம் அந்தப் பகுதிக்காக ஜெபித்தவன் நான். எந்த வீட்டில் நடக்கமாட்டாத பெரியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. நம்முடைய ஆலயத்தின் மாடி மேட்டுப் பகுதியில் காய்ந்து கிடந்தது. நூறு பேர் படுக்கலாம். அதற்குச் சாவி ஒன்றே ஒன்று. அது என் பையில். நான் மொட்டைமாடியில். தெருவிலுள்ள குடும்பங்கள் நம்முடைய ஆலய வாசலுக்கு வந்து, பூட்டைப் பார்த்து, திரும்பிப்போனார்கள். பக்கத்துத் தெரு பள்ளிவாசலில் அவர்களுக்கு இடம் கொடுத்து, கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். நம்முடைய விசுவாசக் குடும்பங்களில் சிலரும் அங்கேதான் தங்கினார்கள். கர்த்தர் நல்லவர், அவர்களைப் போஷித்தார். ஆனால் நம்முடைய கதவு பூட்டியிருந்தது.

பிற்பாடு மூப்பர்களோடு உட்கார்ந்து அழுதோம். அழுததோடு நிற்கவில்லை. சாவி மூன்று வீட்டுக்குப் போயிற்று, அதில் ஒன்று ஆலயத்துக்கு எதிர்வீட்டுக்கு. தெருத்தெருவாய் நடந்து, வயதானவர்கள், படுக்கையிலிருப்பவர்கள், கர்ப்பவதிகள் என்று ஒரு நோட்டில் எழுதினோம். நம்முடைய விசுவாசிகள் மட்டுமல்ல, தெருவார் யாவரும். வருஷத்துக்கு இரண்டு முறை அதைத் திருத்துகிற வேலையை வாலிபர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முதல் நாள் சாயங்காலமே எதிர்வீட்டார் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் போய்ச் சேருவதற்குள் மாடியில் பாய் விரித்து அடுப்பு மூட்டியிருந்தது. அன்று ராத்திரி அங்கே படுத்தவர்களில் பாதிப்பேர் நம்முடைய சபையார் அல்ல. விளக்கை ஏற்றி, கைக்குழந்தைக்காரிகளுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? "இதெல்லாம் ஊழியக் கணக்குல வருமா" என்று கேட்ட அதே தாயார். கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்று அன்றைக்கு எனக்கே விளங்கியிருக்க வேண்டியது!

5. ஐந்து எச்சரிப்புகள்

தொண்டு நல்லதுதான். ஆனாலும் அதைக் கெடுத்துப்போடுகிற காரியங்கள் உண்டு.

(அ) கட்டாயம் வேண்டாம். ஆசரிப்புக் கூடாரம் கட்டப்பட்டபோது, எவனுடைய ஆவி அவனை எழுப்பினதோ அவனே கொண்டுவந்தான் (யாத்திராகமம் 35:21). மேடையிலிருந்து பெயரைச் சொல்லி வெட்கப்படுத்தி வாங்குகிற வேலை தொண்டு அல்ல, அது வெட்டி வேலை.

(ஆ) ஒரே முதுகில் ஏற்றாதிருங்கள். எத்திரோ தன் மருமகனாகிய மோசேயைப் பார்த்து, நீயும் இளைத்துப்போவாய், ஜனங்களும் இளைத்துப்போவார்கள் என்கிற கருத்தில் புத்தி சொன்னான் (யாத்திராகமம் 18). நம்முடைய சபைகளில் சமையலுக்கும் அதே நாலு பேர், சவ அடக்கத்துக்கும் அதே நாலு பேர். அவர்களுடைய வீட்டில் பிள்ளைகள் தகப்பன் முகத்தைப் பார்ப்பதில்லை. கூடாரத்துக்குப் போதுமானது வந்தபோது மோசே "நிறுத்துங்கள்" என்று அறிவித்தான் (36:6). போதும் என்று சொல்லவும் ஒரு தலைவனுக்குத் தெரியவேண்டும்.

(இ) கூலியை விழுங்காதிருங்கள். தினக்கூலிக்குப் போகிற எலக்ட்ரீஷியன் தம்பியை மூன்று நாள் கன்வென்ஷன் பந்தலில் நிறுத்திவிட்டு, "ஊழியந்தானேப்பா" என்று வெறுங்கையாய் அனுப்புவது தகாது. அவன் மனமுவந்து கொடுத்தால் அது அவன் காணிக்கை. நாம் பிடுங்கினால் அது யாக்கோபு 5:4-ல் சொல்லப்பட்ட கூக்குரல். மதில் கட்டுகிற அதே நாட்களில் ஏழைகள் தங்கள் நிலங்களை அடகு வைத்துத் தவிக்கிறார்கள் என்று கேட்டபோது நெகேமியா கோபங்கொண்டு, முதலாவது அதைத் தீர்த்தான் (5-ம் அதிகாரம்).

(ஈ) தூண்டிலாக்காதிருங்கள். சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்குமுன் "ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு வருவீங்களா?" என்று கேட்காதிருங்கள். நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். ஆண்டவர் மற்ற ஒன்பது பேரின் சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாரா? இல்லையே! சுவிசேஷத்தைத் தைரியமாய்ச் சொல்லுவோம். ஆனால் பசியை விலையாக வைத்து அல்ல.

(உ) கணக்கும் சாட்சியும் வேண்டும். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாய்க் கொண்டுபோகவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரனைக் கூடச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). நிவாரணப் பணம் எதுவானாலும் இரண்டு பேர் எண்ணி, எழுதி, அறிவிப்புப் பலகையில் போடவேண்டும். பிள்ளைகள் மத்தியில் வேலை செய்யும்போதும் பெரியவர்கள் இரண்டு பேராகவே இருக்கவேண்டும்.

6. நம்முடைய வீட்டுக்கு எதிரே என்ன இருக்கிறது?

இரத்ததானம்: நம் தேசத்தில் இரத்தத்தை விலைக்கு விற்பது 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. ஆகையால் பிரசவத்தில் இரத்தம் இழக்கிற தாய்க்கும் விபத்தில் அடிபட்டவனுக்கும் யாராவது சும்மா கொடுத்தால்தான் உண்டு. 18 வயதுக்கு மேற்பட்டு, 45 கிலோவாவது எடை இருந்து, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் சுகமாயிருக்கிறவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை. கொடுக்கலாமா கூடாதா என்பதை அங்கேயுள்ள மருத்துவர் சோதித்துச் சொல்லுவார். இரத்தத்தைப் பாடுகிற ஜனமாகிய நாம் ஒரு யூனிட் இரத்தம் கொடுக்கப் பயப்படலாமா?

ஆஸ்பத்திரித் துணை: அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்க ஆளில்லாமல் தவிக்கிற குடும்பங்கள் ஏராளம். வாரத்தில் ஒரு இரவு நீங்கள் போய் உட்கார்ந்தால், பகலெல்லாம் நின்ற மகள் வீட்டுக்குப் போய்த் தூங்குவாள்.

படிவம் எழுதுதல்: முதியோர் பென்ஷனுக்கும், ரேஷன் கார்டு திருத்தத்துக்கும், பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் எழுதத் தெரியாமல் நிற்கிறவர்களுக்குப் படித்த நம்முடைய வாலிபர்கள் உதவலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போதும்.

துக்க வீடு: மரணம் நேர்ந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. தெருவில் யாருடைய வீடானாலும் சரி, காப்பியும் கஞ்சியும் கொண்டுபோங்கள், நாற்காலி போடுங்கள். தொற்காள் மரித்தபோது யோப்பா பட்டணத்து விதவைகள் பேதுருவிடம் எதைக் காட்டினார்கள்? அவள் தைத்துக்கொடுத்த உடுப்புகளை (அப்போஸ்தலர் 9:39). நாம் போனபின் நம்முடைய தெருவார் எதைக் காட்டுவார்கள்?

சிந்திக்க (வீட்டு ஜெபக்கூட்டங்களில் பேசவும்)

1. நம்முடைய சபையில் யாரும் காணாமல் வேலை செய்கிற மூன்று பேர் யார்? இந்த வாரம் அவர்களிடம் போய் நன்றி சொன்னோமா?
2. ஒரே ஆள் சுமக்கிற எந்தச் சுமையை நாம் பகிர்ந்துகொள்ளலாம்?
3. உங்கள் வீட்டுக்கு இருபுறமும் ஐந்து வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்ல முடியுமா?
4. உங்கள் பையில் பூட்டிக்கிடக்கிற சாவி எது? நேரமா, வாகனமா, படிப்பா, காலியான அறையா?

ஜெபம்: சீஷருடைய பாதங்களைக் கழுவின ஆண்டவரே, உமது கரத்தில் துண்டு இருந்தது, எங்கள் கையிலோ பூட்டு இருந்தது. எங்களை மன்னியும். நாங்கள் ஆராதிக்கிற கையினாலேயே அடுத்தவனைத் தூக்கவும் கிருபை தாரும். எங்கள் தெருவைக் காப்பாற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

சகோதரிக்கு ஒரு வார்த்தை: அம்மா, வரும். நிச்சயமாய்க் கணக்கில் வரும்.

மாரநாதா!
உங்கள் ஜெபத்தை வாஞ்சிக்கும் சபை ஊழியன்